காணாமல் போன பண்ணையம்

தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பதரை மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். ஆனைமலைப் பக்கம் எங்கள் அப்பா வீட்டில் தங்கி பிளஸ் டூ படிக்கிறவன். குரல் கம்மியிருந்தது.

“மாமா, என்ற பண்ணையமே போயிருச்சுங்க மாமா.”

தோட்டத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு கணம் பதறிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது. அவன் சொன்னது லேப்டாப்புக்குள் இருந்த பண்ணையம். ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 22’ என்ற கேம். சுவிட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்டது. நிலம் வாங்கலாம், டிராக்டர் வாங்கலாம். பருவம் பார்த்து விதைத்து, அறுத்து, விலை ஏறும்வரை கிட்டங்கியில் வைத்திருந்து விற்கலாம். மக்காச்சோளம், பருத்தி, கரும்பு எல்லாம் உண்டு. இரண்டு வருடமாக, பரீட்சை இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் அதில் ஒரு பண்ணையம் கட்டியிருந்தான். அன்று கேமைத் திறந்தால் சேமிப்புக்கான இருபது கட்டமும் காலி.

“விளையாட்டுத்தானே, திரும்ப ஆடிக்கோ”ன்னு அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எந்த வயலில் எதைப் போடுவது, கடன் வாங்கலாமா, மாட்டுக்கொட்டகையை எங்கே கட்டுவது என்று இரண்டு வருடம் யோசித்து யோசித்து எடுத்த முடிவுகள் அவை. ஒரு பையனின் உழைப்பு ஃபைலாக இருப்பதால் அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இன்னொரு காரணமும் இருந்தது. காணாமல் போன கேமைத் தேடுவதும், திருப்பூர் பனியன் கம்பெனியின் காணாமல் போன டேலி கணக்கைத் தேடுவதும், கல்யாண போட்டோக்களைத் தேடுவதும் ஒரே வேலைதான். அந்த வேலையை அவன் இப்போதே கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும்.

“மொதல்ல மிஷினை ஆஃப் பண்ணு கண்ணு. புதுசா ஒண்ணும் ஏத்தாத. ஞாயித்துக்கெழமை வர்றேன்.”

முதலில் கையை எடு

சேமித்த கேம் காணவில்லை என்றதும் எல்லோரும் செய்வது மூன்று. கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது, புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கிப் பார்ப்பது, ‘ஃபைல் மீட்கும்’ சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடி அதே கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இந்த மூன்றுமே இருப்பதையும் கெடுக்கக்கூடியவை. ஏன் என்று புரிய, ஒரு ஃபைல் ‘அழியும்’போது டிஸ்க்கில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க விஏஓ அலுவலகமே போதும். நிலம் ஒரு இடத்தில் கிடக்கிறது. அது யாருடையது, எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு என்பது சிட்டாவில் இருக்கிறது. டிஸ்க்கிலும் இதே கதைதான். 1993-ல் விண்டோஸ் என்டி-யோடு வந்து இன்றுவரை விண்டோஸில் இருக்கும் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில் ‘மாஸ்டர் ஃபைல் டேபிள்’ என்று ஒரு பெரும் பதிவேடு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் ஒரு பதிவு, பெரும்பாலும் 1,024 பைட் அளவு. ஃபைலின் பெயர், தேதி, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். எந்த மனை காலி, எது நிரம்பியது என்று காட்ட இன்னொரு வரைபடம்.

ஃபைலை நிரந்தரமாக அழித்தால், விண்டோஸ் நிலத்துக்குப் போவதில்லை. பதிவேட்டில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற ஒரு குறியை எடுத்துவிடுகிறது. வரைபடத்தில் அந்த மனைகளைக் ‘காலி’ என்று குறிக்கிறது. அவ்வளவுதான். சிட்டாவில் பெயரை அடித்தாயிற்று. ஆனால் காட்டில் சோளம் அப்படியே நிற்கிறது. வேறொருவர் வந்து ஏர் ஓட்டும்வரை நிற்கும்.

ஏர் ஓட்டுவது எது? அதற்குப் பிறகு நாம் டிஸ்க்கில் எழுதும் எதுவும். இந்த கேமை மறுபடி நிறுவ 35 ஜிபி இடம் வேண்டும். காணாமல் போன சேமிப்போ சில எம்பி. இவ்வளவு பெரிய நிலத்தை உழும்போது அந்தச் சின்ன வயல் எதில் மாட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மீட்கும் சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் ஏற்றினால், மீட்க வந்ததே உழுதுவிட்டுப் போகும். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட இலவசக் கருவியான ‘விண்டோஸ் ஃபைல் ரிகவரி’ கூட, மீட்டதை வேறொரு டிரைவில்தான் வைக்கச் சொல்கிறது.

இதெல்லாம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தும். எஸ்எஸ்டி வந்த பிறகு கதை கடுமையாகிவிட்டது. அதில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேல் நேராகப் புதியதை எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியையே முதலில் துடைத்தாக வேண்டும். எழுதும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் வேகம் விழும். ஆகவே ஃபைல் அழிந்த உடனேயே, ‘இந்த மனைகள் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு ஒரு சேதி அனுப்பிவிடுகிறது. இதற்கு ‘டிரிம்’ என்று பெயர். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. சேதி கிடைத்ததும் எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் துடைத்துவிடும். சிட்டாவில் பெயர் அடித்த அன்றே டிராக்டர் வந்து நிற்கும் நிலை. டிரிம் ஆன இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். புது லேப்டாப்களில் அழிந்த ஃபைலை மீட்பது அரிதாகிப் போனதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் நம்பிக்கை எங்கே? பெரும்பாலான சேமிப்புகள் அழிவதே இல்லை என்பதில்தான். அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கேம் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

கேம் எங்கே எழுதுகிறது

சேமிப்பது என்பதே விளையாட்டு உலகத்துக்குப் பிந்தி வந்த வசதி. தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி மஞ்சள் கேட்ரிட்ஜ் செருகி ஆடியவர்களுக்குத் தெரியும். ‘காண்ட்ரா’வில் எத்தனை கட்டம் தாண்டியிருந்தாலும் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நின்டெண்டோவின் ‘லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ 1987-ல் அமெரிக்காவில் கேட்ரிட்ஜாக வந்தபோது, உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருந்தது. டிவியை அணைத்தாலும் அந்த பேட்டரி நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கும். அப்போது சேமிப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. கையில் இருக்கும் கேட்ரிட்ஜில்தான்.

கம்ப்யூட்டரில் அப்படி ஒரே இடம் கிடையாது. கேம் எழுதுகிறவர் எங்கே வைத்தாரோ அங்கே. சில கேம்கள் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் ‘மை கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைக்கும். ஃபார்மிங் சிமுலேட்டர் இந்த வகை. சில ‘சேவ்டு கேம்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். பல கேம்கள் ‘ஆப்டேட்டா’ என்ற ஃபோல்டருக்குள், அதிலும் ‘லோக்கல்’, ‘லோக்கல்லோ’, ‘ரோமிங்’ என்று மூன்று அறைகளில் ஒன்றில் வைக்கும். இந்த ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் எக்ஸ்புளோரரில் மேலே ‘வியூ’ போய், மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று சொன்னால்தான் தெரியும். இன்னும் பழைய கேம்கள் தாங்கள் நிறுவப்பட்ட ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் அதை அனுமதிக்காமல், சத்தமில்லாமல் ஆப்டேட்டாவுக்குள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. கேமுக்கே தெரியாது, தன் சேமிப்பு வேறு வீட்டில் இருக்கிறதென்று.

சேமிப்பு காணாமல் போவதற்கு முதல் பெரிய காரணம் இதில்தான் இருக்கிறது. டாக்குமென்ட்ஸும் ஆப்டேட்டாவும் பொதுச்சொத்து இல்லை. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு. அப்பா பெயரில் நுழைந்து ஆடிய ஆட்டம், மகன் பெயரில் நுழைந்தால் தெரியாது. கணக்கு பழுதாகி விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டால், டெஸ்க்டாப்பே வெறிச்சென்று இருக்கும், சேமிப்பும் இருக்காது. இரண்டு நேரத்திலும் ஃபைல் பத்திரமாக ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் அடுத்த பெயருக்குள் இருக்கிறது. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்: சி டிரைவ், யூசர்ஸ், அங்கே எத்தனை பெயர்கள்?

பெயர் மாறாமல் வீடு மாறுவது

இரண்டாவது பெரிய காரணம் ஒன்டிரைவ். விண்டோஸை அமைக்கும்போது ‘உங்கள் ஃபோல்டர்களைப் பத்திரப்படுத்தவா’ என்று கேட்கும். சரி என்றால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் குடிபெயர்ந்துவிடும். பெயர் அதேதான், முகவரி வேறு. பிறகு ஒரு நாள் யாராவது அதை நிறுத்தினால், பழைய முகவரியில் காலி டாக்குமென்ட்ஸ் திறக்கும். சேமிப்பு ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு டாக்குமென்ட்ஸையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து அழிந்திருந்தாலும், தனிநபர் கணக்கென்றால் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும்.

இப்படி முகவரி இரண்டாகிவிடுவதில் உள்ள ஆபத்தை உலகமே ஒருமுறை பார்த்தது. 2018 அக்டோபர் 2-ம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பை ஏற்றிய சிலர், தங்கள் டாக்குமென்ட்ஸில் இருந்ததெல்லாம் காணோம் என்று முறையிட்டார்கள். சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தியது. முறையிட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்றது. காரணமும் வெளிவந்தது. டாக்குமென்ட்ஸை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தவர்களிடம், பழைய இடத்து ஃபோல்டரை ‘காலியான பழசு’ என்று எண்ணி அப்டேட் அழித்திருக்கிறது. சிலருடைய ஃபைல்கள் அந்தப் பழைய ஃபோல்டரிலேயே நகராமல் கிடந்தன. திருத்திய பதிப்பு நவம்பர் 13-ல்தான் மறுபடி வந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தின் நிரலாளர்களையே முகவரிக் குழப்பம் தடுமாறவைத்தது என்றால், பிளஸ் டூ பையன் திகைப்பதில் என்ன இருக்கிறது?

மூன்றாவது, காவலாள் தடுப்பது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்க 2017-ல் விண்டோஸ் 10-ல் ஒரு ஏற்பாடு வந்தது. அதை இயக்கினால், தெரியாத நிரல் எதையும் டாக்குமென்ட்ஸில் எழுத விடாது. கேமும் சில சமயம் ‘தெரியாத நிரல்’ பட்டியலில் சேர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் ஆடி, சேமித்து, மறுநாள் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. இது காணாமல் போனதில்லை. எழுதப்படவே இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் தடுக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தால் கேமின் பெயர் அங்கே இருக்கும்.

நான்காவது, பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி லேபிலும் நடப்பது. ‘டீப் ஃப்ரீஸ்’ போன்ற சாஃப்ட்வேர் போட்டிருந்தால், கம்ப்யூட்டரை மறுபடி இயக்கும்போதெல்லாம் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். பலர் கைபடும் மிஷினுக்கு அது நல்ல காப்பு. ஆனால் அங்கே சேமித்தது அன்றைக்கு மட்டும்தான். ஐந்தாவது, கள்ளப் பிரதியில் ஆடிவிட்டுப் பிறகு காசு கொடுத்து அசலை வாங்குகிறவர்களுக்கு நேர்வது. கள்ளப் பிரதி பெரும்பாலும் சேமிப்பைத் தனக்கென்று வேறு இடத்தில் வைக்கும். அசல் அங்கே எட்டிப் பார்க்காது.

கடைசியாக, மேகச் சேமிப்பு. 2008-ல் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ‘ஸ்டீம் கிளவுட்’ வந்ததிலிருந்து பல கேம்கள் சேமிப்பை இணையத்திலும் வைக்கின்றன. இரண்டு பக்கமும் வேறுவேறாக இருந்தால், ‘இந்த மிஷினில் இருப்பதா, மேகத்தில் இருப்பதா, எதை வைத்துக்கொள்ள’ என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். விளையாடும் அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டால், இரண்டு வருட ஆட்டத்தின் மேல் ஐந்து நிமிட ஆட்டம் ஏறி உட்கார்ந்துவிடும். அந்தப் பெட்டி வந்தால் எதையும் அழுத்தாமல், முதலில் மிஷினில் இருக்கும் சேமிப்பு ஃபோல்டரை ஒரு பென்டிரைவுக்கு நகலெடுத்துவிட வேண்டும். அப்புறம் தேதியையும் நேரத்தையும் நிதானமாகப் படிக்கலாம்.

கரன்ட் போன நேரம்

1930-களில் பைக்காராவின் நீர்மின்சாரம் மலையிறங்கி வந்ததில்தான் கோவை மில் நகரமாக வளர்ந்தது. அதே கோவை, 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லாமல் கிடந்ததையும் நாம் பார்த்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில் நாளை மின்தடை என்று பேப்பரில் பார்த்துவைப்பது இன்றும் நம் வீடுகளில் வழக்கம். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் காத்திருக்கிறது.

சேமிப்பு ஃபைல் இருக்கும். பெயர் சரியாக இருக்கும். அளவும் சரியாக இருக்கும். கேம் மட்டும் ‘பழுதாகிவிட்டது’ என்று சொல்லும். அந்த ஃபைலை உள்ளே பார்க்கும் கருவியில் திறந்தால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெறும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

இது எப்படி வருகிறது? நாம் ‘சேவ்’ அழுத்தியதும் எழுத்து நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் காத்திருக்கும். விண்டோஸ் வசதியான நேரம் பார்த்து டிஸ்க்கில் இறக்கும். பதிவேட்டு மாற்றங்களை மட்டும் என்டிஎஃப்எஸ் ஒரு குறிப்பில் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறது. நம் பஞ்சு மண்டிகளில் பேரேட்டில் ஏற்றும் முன் சிட்டையில் குறித்துவைப்பார்களே, அது போல. கரன்ட் போய் வந்தால், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தச் சிட்டையில் இருப்பது ‘இந்தப் பெயரில், இந்த அளவில் ஒரு ஃபைல்’ என்ற விவரம்தான். ஃபைலின் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு அதில் இல்லை. அது நினைவகத்தில் காத்திருந்தபோதே கரன்ட்டோடு போய்விட்டது. ஆகவே பெட்டி இருக்கிறது, உள்ளே பொருள் இல்லை.

சரக்கு கெட்டிருப்பதை கேம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கணக்குப் பிள்ளை பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போடுவதைப் போல ஒரு வழி. ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கேமின் சேமிப்பு ஃபைல் கம்ப்யூட்டரில் சரியாக 2,02,752 பைட். அதன் கடைசி நான்கு பைட்டில், அதற்கு முன்னால் உள்ள பைட்டுகளின் கூட்டுத்தொகை இருக்கும். திறக்கும்போது கேம் மறுபடி கூட்டிப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் அந்தக் கணக்கை ஏற்காது.

நன்றாக எழுதப்பட்ட கேம்கள் இந்த ஆபத்தை எதிர்பார்த்தே நடந்துகொள்கின்றன. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். புது வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய வாய்க்காலை அடைப்பார்கள். அதுபோல, புது ஃபைலை வேறு பெயரில் முழுவதும் எழுதி, டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்த பிறகே பழையதின் இடத்தில் அதை வைக்கும். ஃபார்மிங் சிமுலேட்டர் இன்னும் ஒருபடி மேலே போகிறது. சேமிப்பு ஃபோல்டர்களுக்குப் பக்கத்திலேயே ‘சேவ்கேம்பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, முந்தைய சேமிப்புகளைத் தேதியும் நேரமும் போட்டு அடுக்கிவைக்கிறது. கேமுக்குள் அது தெரியாது. ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

எட்டாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை கிணத்துக்கடவு தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இந்த மாசம் இந்த மிஷினை யாராச்சும் தொட்டாங்களா?”

தொட்டிருந்தார்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ‘இனி பாதுகாப்பு அப்டேட் வராது’ என்ற சேதியைப் பார்த்து, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11-க்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது ‘எதை வைத்துக்கொள்ள’ என்று கேட்டதற்கு, ‘எதுவும் வேண்டாம்’ என்பது தேர்வாகியிருக்க வேண்டும். பையன் வந்து கேமைப் புதிதாக இறக்கிக்கொண்டான். உள்ளே போனான். இருபது கட்டமும் காலி.

இந்த இடத்தில் விண்டோஸ் ஒரு கருணை காட்டுகிறது. இப்படி மாற்றும்போது, பழைய அமைப்பு முழுவதையும், எல்லோருடைய பழைய ஃபோல்டர்களோடும் சேர்த்து, சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் தள்ளிவைக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்ப நினைப்பவர்களுக்காக இந்த ஏற்பாடு. ஆனால் பத்து நாள்தான் கெடு. அதன் பிறகு தானாகவே அழித்துவிடும். அந்த லேப்டாப்பில் இருப்பதோ எஸ்எஸ்டி. அழித்தால் டிரிம். டிரிம் ஆனால் பூஜ்யம்.

விரல் விட்டு எண்ணினேன். எட்டு நாள்.

மிஷினை இயக்கி, இணையத்தைத் துண்டித்து, சி டிரைவைத் திறந்தேன். விண்டோஸ் டாட் ஓல்டு இருந்தது. அதற்குள் யூசர்ஸ். ‘உனக்கு அனுமதி இல்லை’ என்றது. ‘கன்டினியூ’ அழுத்தினேன். பையனின் பெயர். டாக்குமென்ட்ஸ். மை கேம்ஸ். ஃபார்மிங்சிமுலேட்டர்2022. அதற்குள் சேவ்கேம்1. பையன் மூச்சே விடவில்லை. புதிதாக இறக்கிய அத்தனை ஜிபியும் இதைத் தொடவில்லை. இந்த ஃபோல்டர் சிட்டாவில் இன்னும் பெயரோடு இருக்கும் நிலம். காலி என்று குறித்த இடத்தைத்தான் புதியது உழும்.

திறக்கும் முன் முழு ஃபோல்டரையும் பென்டிரைவுக்கு நகலெடுத்தேன். அதன் பிறகுதான் உள்ளே பார்த்தோம். இந்த கேமின் சேமிப்பில் பெரும்பகுதி சாதாரண எழுத்து. நோட்பேடிலேயே படிக்கலாம். ‘கேரியர்சேவ்கேம்’ என்ற ஃபைலில் கையிருப்புப் பணமும் ஆடிய நேரமும். ‘வெஹிக்கிள்ஸ்’ ஃபைலில் ஒவ்வொரு டிராக்டரும், அது எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும். ‘ஃபார்ம்லேண்ட்’ என்ற ஃபைலைத் திறந்ததும், பின்னால் நின்றிருந்த அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் வரிசையாக எண்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் நிலத்தின் எண், அடுத்து அதை வைத்திருக்கும் பண்ணையின் எண். ஒன்று என்றால் இவனுடையது. பூஜ்யம் என்றால் யாரும் வாங்காதது.

“இது சிட்டாவல்லோ” என்றார் அப்பா.

“ஆமாங்க அப்புச்சி.”

“அப்புறம் எதுக்குடா ரெண்டு நாளா சோறு திங்காம கெடந்த? பட்டா மாறினா பூமி ஓடியா போயிரும்? போய்ப் பாக்கோணும்.”

நகலெடுத்த ஃபோல்டரைப் புதிய டாக்குமென்ட்ஸில், மை கேம்ஸுக்குள், அதே பெயரில் வைத்தோம். கேமைத் திறந்தான். முதல் கட்டத்தில் அவனுடைய பண்ணையம். பருத்தி அறுவடைக்கு நின்றிருந்தது.

வில்லங்கம் பார்த்து வை

எல்லாருக்கும் எட்டாம் நாளில் மாமா வர மாட்டார். எனவே பையனிடம் சொல்லிவிட்டு வந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், உன் கேம் எங்கே எழுதுகிறது என்று இன்றைக்கே கண்டுபிடி. தொலைந்த பிறகு இல்லை. ஒருமுறை ஆடிச் சேமித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மாறிய ஃபைல் எது என்று தேதிவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். அந்த முகவரியை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டு.

இரண்டாவது, மேகத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதே. ஒத்திசைவு என்பது கண்ணாடி. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். நகல் என்பது வேறு. அது நேற்றைய நிலையை நேற்றையபடியே வைத்திருக்கும். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கை கம்ப்யூட்டர் துறையே பின்பற்றுகிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். சேமிப்பு ஃபோல்டர் சில எம்பிதான். பழைய பென்டிரைவ் போதும்.

மூன்றாவது, கடைக்குக் கொடுக்கும் முன் நகலெடு. ‘டேட்டா எல்லாம் இருக்கட்டும்ங்க’ என்று வாயால் சொன்னால் போதாது. எந்தெந்த ஃபோல்டர் வேண்டும் என்று எழுதிக் கொடு. கேம் சேமிப்பு டாக்குமென்ட்ஸில் இல்லாமல் ஆப்டேட்டாவில் மறைந்திருந்தால், மிகவும் அக்கறையான கடைக்காரர் கண்ணிலும் படாது.

நான்காவது, தொலைந்துவிட்டால் கையை எடு. நிறுத்து. யோசி. கடைசியாக என்ன மாறியது என்று உன்னையே கேள். கணக்கா, விண்டோஸா, ஒன்டிரைவா, கேமா? பெரும்பாலும் பதில் அந்த மாற்றத்துக்குள்தான் இருக்கும்.

கிளம்பும்போது அப்பா அந்த பென்டிரைவைக் கேட்டு வாங்கினார். ஒரு பேப்பரில் சுற்றி, பையன் பெயரை எழுதி, பத்திரங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதில் ஒரு குறை இருந்தது. பென்டிரைவும் ஃபிளாஷ் நினைவகம்தான். கரன்ட்டே காணாமல் வருடக்கணக்காகக் கிடந்தால், அதில் அடைத்துவைத்த மின்னேற்றம் மெல்லக் கசியும். அதைச் சொன்னேன்.

“அப்ப வருசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கோணும், அவ்வளவுதானே? வில்லங்கம் போட்டுப் பாக்கற மாதிரி” என்றார். “பொங்கலுக்கு எடுத்துக் குடுக்கறேன். நீ பாத்துக்கோ சாமி.”

பொங்கலன்று போன் வந்தது. பென்டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பது படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு, புதுச் சேமிப்பையும் அதில் சேர்த்துவிட்டானாம். கூடவே, அம்மா போனில் இருந்த போட்டோக்களையும்.